நாய்களின் ஒவ்வாமையும் அதற்குரிய மாத்திரைகளும்

மரக்கறித் தோட்டத்தைப் பன்றியும் முள்ளம்பன்றியும் குரங்கும் அழிக்காதவாறு இரவு பகலாகக் காவல் புரியும் நாய், கமக்காரருக்குக் கூலி கேளாத துணையாகும். அந்நாய் ஓயாது சொறிந்தும் தோலைக் கடித்தும் உறக்கமின்றி வருந்துமாயின் அதன் காவலும் குன்றும். இத்தகைய நாய்க்கு வீட்டிலுள்ள ஒவ்வாமை மாத்திரையைக் கொடுக்கலாமோ எனக் கமக்காரர் பலர் எம்மிடம் வினவுகின்றனர். கொடுக்கலாம், ஆயினும் எம்மாத்திரை, எவ்வளவு, எந்நோய்க்கு என்பவற்றை அறிந்தே கொடுத்தல் வேண்டும்.

ஒவ்வாமை என்பது யாது?

தூசு, பூந்தாது, பூஞ்சணம், உணவிலுள்ள புரதம், தெள்ளின் உமிழ்நீர் ஆகியவற்றுள் ஒன்றை உடல் பகையெனக் கொண்டு அளவுக்கு மீறி எதிர்த்தலே ஒவ்வாமையாம். அப்பொழுது தோலிலுள்ள சில கலங்கள் ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளிவிடும். அது குருதிக் குழாய்களை விரியச் செய்து வீக்கத்தையும் தினவையும் உண்டாக்கும். ஹிஸ்டமின் பற்றும் இடங்களை அடைத்துக்கொள்வதே இம்மாத்திரைகளின் தொழிலாகும். வெள்ளம் வயலிற் புகுந்தபின் வரம்பு கட்டுவதாற் பயன் சிறிதே. அதுபோல, தினவு முற்றியபின் கொடுப்பதிலும் முற்கூட்டி ஒழுங்காகக் கொடுப்பதே நன்று. மேலும், நாயின் தினவுக்கு ஹிஸ்டமின் மட்டும் காரணமன்று. ஆதலால் பல நாய்கள் இம்மருந்தினாற் சிறிதளவு சுகமே பெறும். சில யாதொரு சுகமும் பெறா.

முதலிற் காரணத்தைக் காண்க

1. வாலின் அடியிலும் இடுப்பிலும் மயிர் உதிர்ந்து புண்பட்டிருப்பின் தெள்ளே காரணமாதல் கூடும். நெருக்கமான சீப்பினால் வாரி, விழும் கருந்துகள்களை நனைந்த வெள்ளைத் துணியில் இடுக. செங்கபில நிறம் பரவுமாயின் அது தெள்ளின் கழிவாகும்.

2. காதோரத்திலும் முழங்கையிலும் தோல் தடித்துப் பொருக்குக் கட்டி, வீட்டாருக்கும் தினவு உண்டாயின் அது சிற்றுண்ணியால் வரும் சொறி எனச் சந்தேகிக்க. ஒவ்வாமை மாத்திரை அதனை மாற்றாது.

3. பாதங்களை இடைவிடாது நக்குதல், காது, அக்குள், வயிறு ஆகியவை சிவத்தல் என்பன தூசு, பூந்தாது முதலியவற்றால் வரும் ஒவ்வாமையின் குறிகள். இது பெரும்பாலும் 6 மாதத்திற்கும் 3 வயதிற்கும் இடையில் தொடங்கும்.

மாத்திரையும் அளவும்

நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் நின்று நிறுத்து, பின் உமது நிறையைக் கழிப்பின் நாயின் நிறை கிடைக்கும். 10 கிலோகிராம் நிறையுள்ள நாய்க்கு 4 மில்லிகிராம் குளோர்பெனிரமின் மாத்திரை ஒன்று காலையும் மாலையும், அல்லது 10 மில்லிகிராம் செற்றிரிசின் மாத்திரை ஒன்று நாளுக்கு ஒருமுறை என்பது வழக்கமான அளவு. 5 கிலோகிராம் நாய்க்கு இதிற் பாதி போதும். இரண்டையும் ஒருங்கே கொடுத்தலாகாது. முதன்முறை கொடுக்குமுன் மிருக வைத்தியரிடம் கேட்டு அளவை உறுதிசெய்க. இரண்டு கிழமைக்குள் குணம் காணாவிடின் அம்மருந்தை நிறுத்துக. குளோர்பெனிரமின் தூக்கத்தையும் வாய் உலர்தலையும் உண்டாக்கக்கூடும். சினைப்பட்ட நாய்க்கும், வலிப்பு, கண்ணழுத்தம், சிறுநீர்த் தடை உள்ள நாய்க்கும் வைத்தியர் சொல்லாது கொடுக்கற்க.

தடிமனுக்கென விற்கப்படும் கலப்பு மாத்திரைகளில் சூடோஎபெட்ரினும் பரசிற்றமோலும் இருத்தல் கூடும். பாணி மருந்துகள் சிலவற்றில் சைலிற்றோல் என்னும் இனிப்புச் சேர்ந்திருக்கும். இவை நாயைக் கொல்லவல்லன. உறையிலுள்ள பெயரை வாசித்தபின்னரே கொடுக்க.

குளவியோ தேனீயோ கொட்டி முகம் மட்டும் வீங்கின் மாத்திரை உதவலாம். வாந்தி, மூச்சுத் திணறல், ஈறு வெளிறல், சோர்ந்து விழுதல் கண்டால் மாத்திரையை நம்பிக் காத்திராது உடனே வைத்தியரிடம் கொண்டு செல்க.

பயிர் நஞ்சைத் தீண்டற்க

வெங்காயம் செய்கைபண்ணும் கமக்காரர் ஒருவர், தெளிகருவியில் எஞ்சிய பூச்சிநாசினியைத் தெள்ளுக்கு மருந்தெனத் தம் நாயின் முதுகில் ஊற்றினார். மாலையில் வாயில் உமிழ்நீர் வழிந்து உடல் நடுங்கிற்று. விடியுமுன் நாய் இறந்தது. அடுத்த போகத்திற் பன்றிகள் அத்தோட்டத்திற் பாதியைக் கிளறின. பயிருக்குரிய நஞ்சு தோல் வழியே உட்செல்லும். நக்கும்போது வாய் வழியும் செல்லும். மண்ணெண்ணெயும் கழிவு எண்ணெயும் அவ்வாறே ஆகா.

தெள்ளின் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் நாயின் மேலன்றி, அது படுக்கும் சாக்கிலும் மண்ணிலுமே மிகுதியாக உள. ஆகவே படுக்கையைக் கிழமைதோறும் கொதிநீரில் அலம்பி வெயிலிற் காயவிடுக. நாய்க்கென உள்ள தெள்ளு மருந்தை வீட்டிலுள்ள எல்லா நாய்களுக்கும் குறைந்தது மூன்று மாதம் தவறாது இடுக. பூனைக்கு அதற்குரிய மருந்தையே இடுக. நாய்க்குரிய பெர்மெத்திரின் பூனையைக் கொல்லும்.

காரணத்தை நீக்குவதே மருத்துவம். மாத்திரை அதற்குத் துணை மட்டுமே. களையை வேரோடு பிடுங்காது நுனியை மட்டும் அரிந்தால் அது மீண்டும் தழைக்கும் என்பதைக் கமக்காரர் நன்கறிவர்.