புது டி.வி. வாங்கறியா? காதுக்கும் ஒரு பங்கு ஒதுக்கு!

“அக்கா, 55 இன்ச் வாங்கட்டுமா, 65 இன்ச் வாங்கட்டுமா?”ன்னு நேத்து ராத்திரி போன்ல கேட்டியே தங்கச்சி, அதுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி நம்ம அப்பாவைப் பத்திச் சொல்லணும்.

ரெண்டு வருஷம் முன்னாடி பொங்கலுக்கு அப்பா எங்க வீட்ல வந்து தங்கியிருந்தார். அப்பதான் புது டி.வி. வாங்கியிருந்தோம். படம் பளிச்சுன்னு இருந்தது. ஆனா பத்து நிமிஷத்துக்கு ஒருதரம், “என்னம்மா சொன்னான்?”னு அப்பா கேட்டுக்கிட்டே இருந்தார். சத்தத்தைக் கூட்டினா பாட்டும் சண்டையும் வீட்டையே அதிர வச்சது, பேச்சு மட்டும் அமுங்கிக் கெடந்தது. மூணாம் நாள் அவர் கேக்கறதையே நிறுத்திட்டார். படம் பாதியில ஓடிக்கிட்டிருக்கும்போதே எழுந்து போய்ப் படுத்துக்கிட்டார். அது இன்னும் என் மனசை உறுத்துது.

தப்பு அவர் காதுல மட்டும் இல்ல. பழைய பெட்டி டி.வி.யில நல்ல ஸ்பீக்கர் வைக்க இடம் இருந்தது. இப்ப டி.வி. தட்டையாயிட்டதால, சின்னச் சின்ன ஸ்பீக்கரைக் கீழ்ப் பக்கமோ பின் பக்கமோ பார்த்து வைக்கறாங்க. சத்தம் சுவத்துல பட்டுத் திரும்பித்தான் நம்மகிட்ட வருது. அதனால கையில இருக்கற பணத்தை நாலு பங்கு போடு. மூணு பங்கு டி.வி.க்கு, ஒரு பங்கு சத்தத்துக்கு, அதாவது சவுண்டுபார் மாதிரி தனி ஸ்பீக்கருக்கு. டி.வி. ஒரு சைஸ் சின்னதானாலும் பரவாயில்ல, அந்த ஒரு பங்குல கை வைக்காதே.

1. கடைக்குப் போறதுக்கு முன்னாடி டேப்பை எடு

நீ உட்கார்ற சோபாவுல இருந்து டி.வி. வரப்போற சுவர் வரைக்கும் அள. 4கே டி.வி.க்கு, திரையோட மூலைக்கு மூலை அளவை 1.2-ல இருந்து 1.6 வரை பெருக்கினா எவ்வளவு தூரத்துல உட்காரலாம்னு தெரிஞ்சிடும். உனக்காக நானே கணக்குப் போட்டு வச்சிருக்கேன்:

• 43 இன்ச்: சுமார் நாலரை முதல் 6 அடி
• 55 இன்ச்: சுமார் ஐந்தரை முதல் ஏழரை அடி
• 65 இன்ச்: சுமார் ஆறரை முதல் எட்டரை அடி

உன் ஹால்ல ஏழு அடிதானே கிடைக்குது? 55 தாராளமாப் போதும். அது சுமார் நாலு அடி அகலம் இருக்கும், உன் ஷெல்ஃப்ல அடங்குமான்னு பார்த்துக்கோ. சோபாவுல உட்கார்ந்தா கண் எந்த உயரத்துல இருக்கோ, திரையோட நடுப்பகுதி ஏறக்குறைய அந்த உயரத்துல வரணும். ஹோட்டல்ல மாட்டற மாதிரி உயரத்துல மாட்டினா, ரெண்டு மணி நேரப் படம் முடியறதுக்குள்ள கழுத்து வலிச்சிடும்.

2. கடை வெளிச்சத்துல மயங்காதே

கடையில எல்லா டி.வி.யையும் உச்ச வெளிச்சத்துல, அடர்ந்த கலர்ல ஓட விட்டிருப்பாங்க. ‘சினிமா’ மோடுக்கு மாத்தச் சொல்லி, மனுஷ முகம் வர்ற காட்சியைப் போடச் சொல்லு. தோல் நிறம் இயல்பா இருக்கான்னு பார். பிறகு ஓரமா நகர்ந்து நின்னு பார். நம்ம வீட்ல எல்லாரும் நேர் எதிர்ல உட்கார்றதில்லையே! சில பேனல்ல பக்கவாட்டுல இருந்து பார்த்தா கலர் வெளுத்துடும்.

கியூ.எல்.இ.டி.யும் ஓ.எல்.இ.டி.யும் ஒண்ணுன்னு நினைச்சுக்காதே. கியூ.எல்.இ.டி.யில பின்னாடி விளக்கு எரியும், பகல் வெளிச்சம் நிறைய வர்ற ஹாலுக்கு அது நல்லது. ஓ.எல்.இ.டி.யில ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். கறுப்பு நிஜமான கறுப்பா இருக்கும், ராத்திரி விளக்கை அணைச்சுப் படம் பாக்க அதுதான் அழகு. ஆனா நாள் முழுக்க நியூஸ் சேனல் ஓடற வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நகராத லோகோவும் கீழே ஓடற செய்திப் பட்டையும் வருஷக்கணக்குல திரையில தழும்பா நின்னுட வாய்ப்பு இருக்கு. உன் மாமியார் காலையில இருந்து நியூஸ் பாக்கறவங்க. உனக்கு கியூ.எல்.இ.டி. போதும்.

3. டி.வி.யைத் திருப்பி, பின்பக்கம் பார்

இதை எந்த விற்பனையாளரும் தானா முன்வந்து காட்ட மாட்டார், நீதான் கேக்கணும். எச்.டி.எம்.ஐ. துளை மூணாவது வேணும்: செட்-டாப் பாக்ஸுக்கு ஒண்ணு, சவுண்டுபாருக்கு ஒண்ணு, பின்னால வாங்கப்போற ஏதாவதுக்கு ஒண்ணு. அதுல ஒரு துளை மேல ‘ஏ.ஆர்.சி.’ அல்லது ‘இ-ஏ.ஆர்.சி.’ன்னு எழுதியிருக்கும். ஏ.ஆர்.சி. 2009-ல வந்த வசதி. டி.வி.யில இருந்து சத்தத்தை அதே ஒயர் வழியா வெளிய அனுப்பும். ஓடிடி படத்துல வர்ற டால்பி அட்மாஸ் சத்தம் ஏ.ஆர்.சி.யிலயே போயிடும், டி.வி., சவுண்டுபார் ரெண்டுலயும் அந்த வசதி இருந்தாப் போதும். புளூ-ரே பிளேயர், கேம் கன்சோல் வச்சிருக்கறவங்க இ-ஏ.ஆர்.சி. பார்த்து வாங்கணும்.

4. 2.1, 3.1, 5.1 – எது நமக்கு?

புள்ளிக்கு முன்னாடி இருக்கறது ஸ்பீக்கர் சேனல் எண்ணிக்கை, பின்னாடி இருக்கறது சப்-ஊஃபர். 5.1-னா முன்னால இடது, வலது, நடு, பின்னால ரெண்டு, தரையில ஒரு சப்-ஊஃபர். இதுல நடு ஸ்பீக்கரை மனசுல எழுதி வச்சுக்கோ. 5.1 சத்தத்துல வசனம் பெரும்பாலும் அது வழியாத்தான் வருது. 2.1 சவுண்டுபார்ல அந்த நடு ஸ்பீக்கரே கிடையாது. வயசானவங்க இருக்கற வீட்டுக்குக் குறைஞ்சது 3.1 வாங்கு. பெட்டி மேல பெருசா அச்சடிச்சிருக்கற வாட் கணக்கைப் பார்த்து முடிவு பண்ணாதே. வசனம் நிறைய இருக்கற காட்சியைக் குறைஞ்ச சத்தத்துல போட்டுக் கேட்டுப் பார்த்து முடிவு பண்ணு.

5.1 வாங்கினா, பின் ஸ்பீக்கரை எங்க வைக்கறதுங்கறதுதான் கஷ்டம். நம்ம வீடுகள்ல சோபா சுவத்தை ஒட்டித்தான் கிடக்கும். அப்படின்னா, சோபாவுக்கு ரெண்டு பக்கத்துலயும் காதுக்குக் கொஞ்சம் மேல வை. வாடகை வீட்ல ஆணி அடிக்க வேண்டாம், ஸ்டாண்டு போதும். ஒயரைச் சுவரோரமா கேசிங் பட்டிக்குள்ள விட்டுடு, குழந்தை காலு தடுக்காது. ‘வயர்லெஸ்’ பின் ஸ்பீக்கர்னாலும் பெரும்பாலானதுக்குக் கரண்ட் பிளக் வேணும். அந்த மூலையில பிளக் பாயிண்ட் இருக்கான்னு முன்னாடியே பார்த்துக்கோ.

5. இணைக்கற முறை

• டி.வி., சவுண்டுபார் ரெண்டையும் ஆஃப் பண்ணு. டி.வி.யோட ஏ.ஆர்.சி. துளையில இருந்து, சவுண்டுபார்ல ‘அவுட்’னு எழுதி, பக்கத்துல ஏ.ஆர்.சி.ன்னு போட்டிருக்கற துளைக்கு ஒயர் போகணும். எங்க வீட்டுக்கு மாட்ட வந்தவர் ‘இன்’ல செருகிட்டுப் போயிட்டார். ரெண்டு வாரம் சவுண்டுபார் ஊமையாவே நின்னுச்சு.
• டி.வி. செட்டிங்ஸ்ல சி.இ.சி.யை ஆன் பண்ணு. சாம்சங்ல அதுக்கு ‘எனிநெட் பிளஸ்’னு பேர், எல்.ஜி.யில ‘சிம்ப்ளிங்க்’, சோனியில ‘பிராவியா சிங்க்’. இது ஆன் ஆனா ஒரே ரிமோட்ல ரெண்டோட சத்தமும் அடங்கும்.
• சவுண்ட் அவுட்புட்ல டி.வி. ஸ்பீக்கரை விட்டுட்டு எச்.டி.எம்.ஐ.யைத் தேர்ந்தெடு.
• டிஜிட்டல் ஆடியோவை ‘ஆட்டோ’ அல்லது ‘பாஸ்-த்ரூ’ல வை. ‘பி.சி.எம்.’ல இருந்தா ஏ.ஆர்.சி. வழியா ரெண்டு சேனல் சத்தம்தான் போகும், பின் ஸ்பீக்கர் தூங்கிடும். செட்-டாப் பாக்ஸ்லயும் டால்பியை ஆன் பண்ணு.
• உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போனா ‘ஆடியோ டிலே’யைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திச் சரிபண்ணு.

சீரியல் ஓடும்போது பின் ஸ்பீக்கர் பேசலைன்னு பயப்படாதே. பெரும்பாலான சேனல் ரெண்டு சேனல் சத்தத்துலதான் வருது. 5.1-னு குறிச்சிருக்கற ஓடிடி படத்தைப் போட்டுச் சோதிச்சுப் பார்.

6. பழைய ஹோம் தியேட்டரைத் தூக்கிப் போட்டுடாதே

பரண்ல இருக்கற டி.வி.டி. காலத்து செட்டையும் இறக்கிப் பார். ஏ.ஆர்.சி. இல்லைன்னாலும், ‘ஆப்டிகல்’ துளை இருந்தா அந்த ஒயர்ல 5.1 சத்தம் போகும். ஒயர் ரெண்டு முனையிலயும் இருக்கற சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழட்டிட்டுச் செருகு, ஒயரை மடக்கிடாதே. சிவப்பு, வெள்ளை துளை மட்டும் இருந்தா, ஸ்டீரியோதான் கிடைக்கும். அதுவும் டி.வி. ஸ்பீக்கரை விட எவ்வளவோ தேவலை. ஸ்பீக்கருக்குப் போற ஒயர்ல சிவப்பு சிவப்புலயும் கறுப்பு கறுப்புலயும் போகணும். ஒரு பக்கம் மட்டும் மாறிட்டா அடித்தொண்டைச் சத்தமே மெலிஞ்சிடும்.

7. வச்ச பிறகு

நடு ஸ்பீக்கரை அலமாரிக்குள்ள தள்ளி வைக்காதே, விளிம்புக்கு இழுத்து வை. அதோட அளவை மட்டும் ரெண்டு, மூணு டெசிபல் ஏத்து. சப்-ஊஃபரை மூலையில முட்ட வச்சா பூம்னு இரையும், ஓரடி தள்ளி வை. ராத்திரி ‘நைட் மோட்’ போட்டா வெடிச்சத்தம் அடங்கும், பேச்சு கேக்கும், பக்கத்து வீட்டுக்கும் தொந்தரவு இல்ல.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒண்ணு விட்டுட்டேன்: 32 இன்ச்சுக்கு மேல உள்ள டி.வி.க்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்துல இருந்து 18 சதவீதமாக் குறைஞ்சிருக்கு, பில்லுல சரி பார். பேனல் விரிசல் இல்லைன்னு மாட்ட வந்தவர் முன்னாடியே பெட்டியைப் பிரிச்சுப் பார். ஐப்பசி இடிமழைக்கு ஸ்பைக் கார்டை மட்டும் நம்பாதே. பிளக்கையும் டிஷ் ஒயரையும் சேர்த்துக் கழட்டிடு.

போன தீபாவளிக்கு அப்பா மறுபடி வந்தார். நடு ஸ்பீக்கர் இருக்கற சவுண்டுபார் மாட்டியிருந்தேன். நகைச்சுவைக் காட்சியில எங்களுக்கு முன்னாடி அவர் சிரிச்சார். யாரும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கல. அதனாலதான் சொல்றேன் தங்கச்சி, கடைக்குப் போகும்போது அப்பாவையும் கூட்டிட்டுப் போ. சத்தத்தைக் குறைச்சு வச்சு, ஒரு வசனக் காட்சியைப் போடச் சொல்லி, “புரியுதாப்பா?”ன்னு கேளு. அவர் தலையாட்டினா பில் போடச் சொல்லு.