வெட்டுவதற்கு முன் பொழுதை நீட்டிப் பார்

அன்பு மருமகனுக்கு,

ஐந்தாம் லெவலுக்கு வந்த நாளிலிருந்து உங்கள் டி அண்ட் டி கதையாட்ட மேசையில் மந்திரவாதியான விசார்ட் ஒருவனே எல்லாச் சண்டையையும் முடித்துவிடுகிறான், வாள்வீரனான ஃபைட்டரை ஆடுகிறவர் தன் முறை வருவதற்குள் எதிரிகள் தீர்ந்துபோய் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருந்தாய். அதற்கு மருந்தாக ஃபயர்பால் மந்திரத்தின் எட்டு டைஸை ஐந்தாக வெட்டி மேசைக்கென்று ஒரு ஹவுஸ் ரூல் போடப்போகிறாயாம். ஒருவர் முகம் வாடுவதைக் கவனித்தாயே, ஆட்டத்தை நடத்துகிற நல்ல டிஎம்முக்கு அதுதான் முதல் தகுதி. ஆனாலும் அந்த வெட்டு வேண்டாம் என்பேன். ஃபயர்பாலைக் குறை சொல்வதற்கு முன், உங்கள் கதையில் ஒரு பகல் எவ்வளவு நீளம் என்று எண்ணிப் பார்.

கணக்கைப் போடுவோம். எட்டு ஆறுமுக டைஸின் சராசரி 28. நாலு எதிரிகள் கூட்டமாக நின்றால் தலைக்கு 28, தப்பிப்பவருக்கு அதில் பாதி. ஃபைட்டர் பெரிய வாளை இரண்டு முறை வீசி இரண்டும் பட்டாலும் 22 அளவில்தான் நிற்கும், அதுவும் ஒரே ஆள்மேல். இப்படி ஒற்றைச் சண்டையை மட்டும் வைத்துப் பார்த்தால் உன் புகார் சரிதான். ஆனால் ஐந்தாம் லெவல் விசார்ட்டின் கையில், ஃபயர்பாலுக்குச் செலவாகும் மூன்றாம் நிலை ஸ்லாட் இரண்டுதான். ஷார்ட் ரெஸ்ட் என்ற சிறு ஓய்வில் ஒன்றை மீட்டுக்கொண்டால் மூன்று. ஒரு நாளைக்கு மூன்று ஃபயர்பால், அவ்வளவுதான் அவன் இருப்பு. 2014இல் வந்த டிஎம் புத்தகமோ ஒரு நாளில் ஆறு முதல் எட்டுச் சண்டை, நடுவில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் என்று எண்ணித்தான் இந்த இருப்பை அளந்து கொடுத்திருக்கிறது. அந்தக் கணக்கில் பாதிச் சண்டைகளில் விசார்ட்டிடம் பெரிய மந்திரம் இருக்காது. ஃபைட்டரின் வாளுக்குத் தீர்ந்துபோவது என்பதே கிடையாது. ஒவ்வொரு ஷார்ட் ரெஸ்ட்டுக்குப் பிறகும் அவருக்கு ஆக்‌ஷன் சர்ஜ் திரும்பக் கிடைப்பதால் நாளைக்கு மூன்று தடவை இரட்டிப்பாக அடிப்பார். வார்லாக் என்ற இன்னொரு மந்திரக்காரரின் கதையும் இதுவே. இரண்டே ஸ்லாட் என்று பார்த்தால் பாவமாகத் தெரியும். இரண்டு ஷார்ட் ரெஸ்ட் கிடைத்தால் ஆறு ஆகிவிடும். உங்கள் மேசையில் நடப்பது என்ன? சனிக்கிழமை ராத்திரி ஒரு சண்டை, அது முடிந்ததும் கூடாரம், இரவு முழுக்க லாங் ரெஸ்ட், அடுத்த வாரம் எல்லாருக்கும் எல்லாம் புதிதாக. ஒரு நாள் முழுக்கச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டியதை விசார்ட் மூன்று சுற்றில் கொட்டிவிடுகிறான். அவன் வலிமை கூடவில்லை. மிச்சம் பிடிக்க வேண்டிய அவசியம்தான் போய்விட்டது.

இதே விஷயத்தை நீ குடியிருக்கும் ஊரே கிரிக்கெட்டில் காட்டியிருக்கிறது. 2017 டிசம்பரில் ஷார்ஜா ஸ்டேடியத்தில் டி10 லீக் முதன்முதலாக நடந்தது. ஐம்பது ஓவர் ஆட்டத்தில் 300 பந்துக்குப் பத்து விக்கெட், அதாவது ஒரு விக்கெட்டுக்கு 30 பந்து. இருபது ஓவரில் அது 12. பத்து ஓவரில் வெறும் 6. பேட்ஸ்மேன் அதே ஆள், மட்டையும் அதே மட்டை, ஆனால் விக்கெட் மலிவாகிவிட்டதால் முதல் பந்திலிருந்தே தூக்கி அடிக்கிறார். அதைப் பார்த்து யாரும் பேட்ஸ்மேனின் மட்டையைச் செதுக்கிச் சின்னதாக்கவில்லை. ஆட்டத்தின் நீளத்துக்குத் தக்கபடி பங்கீட்டை மாற்றினார்கள்: ஐம்பது ஓவரில் ஒரு பந்துவீச்சாளருக்குப் பத்து ஓவர், இருபதில் நாலு, பத்தில் இரண்டு. நீளம் மாறினால் பங்கு மாற வேண்டும் என்பது அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. டைஸ் மேசையில் மட்டும் நாம் அதை மறந்து நேராக மட்டையில் கைவைக்கிறோம்.

இந்த ஆட்டத்தின் பிறப்பிலேயே இது இருக்கிறது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் வெளியிட்ட முதல் புத்தகத்தில், முதல் லெவல் மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம்தான். சொன்னதும் மறந்துபோகும் மந்திரம் என்ற அந்த எண்ணம் ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து வந்தது. வலிமையைக் குறைக்காமல் அளந்து கொடுப்பதே அங்கே சமன் செய்யும் வழி. ரேஷன் கடையில் அட்டைக்கு இத்தனை கிலோ என்பதுபோல. 2008இல் நான்காம் பதிப்பு வேறு வழியில் போனது. விசார்ட், ஃபைட்டர் என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே அச்சில் திறமைகளைப் பிரித்தார்கள்: எப்போதும் செய்யக்கூடியவை, சண்டைக்கு ஒரு முறை, நாளுக்கு ஒரு முறை. சமன் என்று பார்த்தால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லாப் பாத்திரமும் ஒன்றுபோலவே இருக்கிறது என்று ஆடுகிறவர்கள் அலுத்துக்கொண்டார்கள். பலர் மறு வருடமே வந்த பாத்ஃபைண்டர் என்ற வேறு ஆட்டத்துக்குப் போனார்கள். சமமாக்குவது வேறு, எல்லாருக்கும் வேலை இருக்கும்படி செய்வது வேறு. நீ தேட வேண்டியது இரண்டாவதை.

“எங்களுக்கு எட்டுச் சண்டைக்கு நேரம் ஏது அத்தை?” என்று கேட்பாய். நியாயமான கேள்வி, வளைகுடாவில் இன்னும் நியாயம். 2022 ஜனவரி 1 முதல் அமீரகத்தில் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது; ஷார்ஜாவில் வெள்ளியும் சேர்ந்து மூன்று நாள். தோஹாவிலும் மஸ்கட்டிலும் இன்னமும் வெள்ளி, சனிதான். தோஹாவிலிருந்து ஒருவர் லேப்டாப் வழியாக உங்களோடு உட்கார வேண்டுமானால் எல்லாருக்கும் பொதுவாக மிஞ்சுவது சனிக்கிழமை ஒன்றே. அதிலும் கடையில் வேலை செய்பவருக்கு ஷிஃப்ட் இருக்கும், துபாயிலிருந்து வருபவர் அல் இத்திஹாத் ரோட்டு நெரிசலில் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு வந்து சேருவார். மூன்று மணி நேரம் கிடைத்தாலே பெரிது. ஆனால் நீங்கள் எழுந்து வீட்டுக்குப் போவதும் கதைக்குள் இருப்பவர்கள் தூங்குவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. கதையில் ஒரு பகல் மூன்று சனிக்கிழமை ஓடட்டும். கலையும்போது ஒவ்வொருவரும் மிச்சமுள்ள ஸ்லாட், ஹிட் பாயிண்ட், அம்புகளை ஷீட்டில் பென்சிலால் குறிக்க, நீ அதை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள். அடுத்த வாரம் அதே எண்ணிலிருந்து தொடங்கு. ஷிஃப்ட் மாறி ஒருவர் வராமல்போனாலும் அவர் பாத்திரத்தின் நிலை எழுத்தில் இருக்கும்.

புத்தகத்திலேயே இதற்கு ஒரு மாற்று விதி உண்டு: ஷார்ட் ரெஸ்ட் எட்டு மணி நேரம், லாங் ரெஸ்ட் ஏழு நாள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். மேஜ் ஆர்மர் என்ற காப்பு மந்திரம் எட்டு மணி நேரம் நிற்கும். ஒரு பகல் முழுக்கத் தாங்கட்டும் என்று செலவழித்த ஸ்லாட் இனி ஒரு வாரத்துக்குத் திரும்பாது என்றால் விசார்ட்டுக்கு அது அநியாயம். அதைவிட எளிய வழி, லாங் ரெஸ்ட்டை இடத்தோடு கட்டிவிடுவது. கூரையும் காவலும் உள்ள ஊரில்தான் லாங் ரெஸ்ட். காட்டிலும் குகையிலும் ஷார்ட் ரெஸ்ட் மட்டும். மந்திரத்தின் ஒரு எழுத்தையும் நீ தொட வேண்டியதில்லை. எப்போது செலவழிப்பது என்ற யோசனை விசார்ட்டுக்குத் திரும்பும், அவன் யோசிக்கிற அந்த நேரத்தில் ஃபைட்டருக்கு வேலை வரும்.

உன் கடிதத்தில் போகிறபோக்கில் சொன்ன இன்னொரு ஹவுஸ் ரூல்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது: இருபதுமுக டைஸில் 1 விழுந்தால் ஆயுதம் கைநழுவும் என்பது. எல்லாருக்கும் பொதுவான விதிபோலத் தோன்றும். உருட்டிப் பார். ஒரு தடவை உருட்டுபவருக்கு நூற்றுக்கு 5. ஐந்தாம் லெவல் ஃபைட்டர் இரண்டு தடவை உருட்டுகிறார், ஏறக்குறைய 10. இருபதாம் லெவலில் நாலு தடவை; நூற்றுக்கு 18க்கும் மேல். வாள் பயிற்சி ஏற ஏற வாளை நழுவவிடுகிற வீரனை எந்தக் கதையில் பார்ப்போம்? ஃபயர்பால் எறிகிற விசார்ட்டோ தாக்குவதற்கு அந்த டைஸைத் தொடுவதே இல்லை. தப்பிக்க உருட்டுவது எதிரிகள். ஆக உன் மேசையில் ஏற்கனவே பின்தங்கியிருக்கும் அதே ஆளைத்தான் இந்த விதி வாராவாரம் தண்டிக்கிறது. ஃபைட்டரை ஒப்புக்குச் சப்பாணி ஆக்கியதில் ஃபயர்பாலுக்கு உள்ள பங்கு இதற்கும் உண்டு. முதலில் இதை எடுத்துவிடு.

தெருவில் ஆடும்போது ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்ப்பது ஐந்து வயதுப் பிள்ளையை. அவுட் ஆனாலும் கணக்கில்லை, அதற்கு அதுவே சந்தோஷம். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, இருந்த ஒரு ஓய்வு நாளை உங்களோடு கழிக்க வந்த பெரிய மனிதரை அப்படி உட்காரவைத்தால் அவர் வாய் திறந்து சொல்ல மாட்டார். மெதுவாக வருவதை நிறுத்திக்கொள்வார்.

விசார்ட் ஆடுகிற உன் நண்பன், “என்னை மட்டும் குறிவைக்கிறாய்” என்று கோபப்படலாம். நீ நினைத்திருந்த வெட்டுக்கு அந்தக் கோபம் பொருந்தும். நடு ஆட்டத்தில் ஒருவர் திறமையைப் பிடுங்குவது, அவர் அதை நம்பி ஐந்து லெவல் வளர்த்த பிறகு, நியாயமில்லை. ரெஸ்ட் விதி எல்லார்மேலும் விழுகிறது. ஆனாலும் அவனுக்குக் கூடுதலாகச் சுமை தருகிறது என்பதை மறைக்காமல் சொல். வெள்ளிக்கிழமையே குழுவில் எழுதிப் போடு, மூன்று வாரம் பரீட்சை என்று சொல், அவன் மந்திரப் பட்டியலை ஒரு தடவை மாற்றிக்கொள்ள விடு. கூடவே எல்லாருக்கும் ஏதாவது கொடு. மருந்துக் குப்பியைப் போனஸ் ஆக்‌ஷனில் குடிக்கலாம் என்பது பல மேசைகளில் வெறும் ஹவுஸ் ரூலாக இருந்து, 2024 பதிப்பில் புத்தகத்துக்குள்ளேயே ஏறிவிட்டது. யாரிடமிருந்தும் எதையும் பிடுங்காத விதி என்பதால் அதை எதிர்க்க ஆளில்லை.

போன வாரம் எங்கே நிறுத்தினீர்கள் என்று எழுதியிருந்தாய்: குகைக்குள் பாதி திறந்த கதவு, விசார்ட்டிடம் மூன்றாம் நிலை ஸ்லாட் ஒன்று மிச்சம், ஃபைட்டருக்கு ரத்தக்காயம். வரும் சனிக்கிழமை “பொழுது விடிந்தது” என்று ஆரம்பிக்காதே. கதவுக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம் கேட்கிறது என்று சொல்லிவிட்டு, முதலில் ஃபைட்டரின் முகத்தைப் பார்த்து என்ன செய்கிறீர்கள் என்று கேள்.

அன்புடன்,
அத்தை