வெங்காய வயல் வரைபடம்: படம் மட்டும் போதாது

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் பகுதியில் சின்ன வெங்காயத்தைத் தாக்கும் அடித்தாள் அழுகல் நோய்க்குக் காரணமான பூசணம், மண்ணில் பல ஆண்டுகள் தங்கியிருக்கும். எனவே நோய் கண்ட இடத்தை அடுத்த பருவத்திலும் தவறாமல் கண்டறிய வேண்டும்.

செல்போனில் குறித்த இடங்களை கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ஏற்றி, படமாக மட்டும் எடுத்து வைப்போர் பலர். சுவரில் ஒட்ட அது போதும். அளவுகோடும் வடதிசைக் குறியும் சேர்த்து அச்சிட்டால் தூரத்தையும் ஓரளவு அறியலாம். ஆனால் படத்திலுள்ள சிவப்புப் புள்ளியைக் கொண்டு செல்போன் வழிகாட்டாது.

புள்ளிகளின் விவரத்தைத் தனியே எடுக்க வேண்டும். மென்பொருளில் அந்த அடுக்கின் பெயர்மீது வலப்பொத்தானை அழுத்தி, 'எக்ஸ்போர்ட்' வழியே சிஎஸ்வி கோப்பாகச் சேமிக்கலாம். 'டபிள்யூஜிஎஸ் 84' ஆய முறையையே தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். 'ஜியாமெட்ரி' என்ற இடத்தில் 'ஏஎஸ்_எக்ஸ்ஒய்' என மாற்றாவிட்டால் குறிப்புகள் மட்டுமே கோப்பில் வரும், இருப்பிடம் வராது.

கோப்பில் எக்ஸ் என்பது தீர்க்கரேகை. ஒய் என்பது அட்சரேகை. கூகுள் மேப்பில் தேடும்போது அட்சரேகையை முதலில் இட வேண்டும். செட்டிகுளத்துக்கு இவை ஏறத்தாழ 11, 79 பாகைகள். மாற்றி இட்டால் வெங்காய வயல் வடதுருவத்தை அடுத்த ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் போய்விடும்!

செல்போன் காட்டும் இடம் சில மீட்டர் விலகலாம். ஆகவே புள்ளியைச் சுற்றிலும் சற்றுக் கூடுதலாக இடம் விட்டு, அங்கு வெங்காயத்துக்குப் பதில் மக்காச்சோளம் விதைக்கலாம்.