தபாலில் போன கவிதைகள்

சிற்றிதழ் விற்பனையை நம்பி நடப்பதன்று. பெரும்பாலும் சில நூறு பிரதிகள்தான். எழுதுபவருக்குச் சன்மானமும் அரிது. 1966இல் யாழ்ப்பாணத்தில் மல்லிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, அதைத் தாமே கையில் கொண்டுசென்று விற்றவர். இப்படியான இதழில் எழுதி என்ன பயன் என்று கேட்போருக்குக் கவிஞர் சல்மாவைக் காட்டலாம்.

அவர் 1968இல் தமிழ்நாட்டின் துவரங்குறிச்சியில் பிறந்தார். பருவமடைந்ததும் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டது. புகுந்த வீட்டில் எழுதுவதற்கும் எதிர்ப்பு இருந்தது. கிடைத்த காகிதத் துண்டுகளில் ஒளித்து எழுதினார். அவற்றை வெளியே கொண்டுபோய்த் தபாலில் சேர்ப்பித்தவர் அவருடைய தாயார். கவிதைகளை மெச்சுவோர் அந்தத் தாயாரையும் சேர்த்தே மெச்ச வேண்டும் என்பது என் எண்ணம்.

இதழாசிரியருக்கு எழுதியவரின் முகம் தேவையில்லை, உறைக்குள் வரும் தாள் போதும். கூட்டங்களுக்குப் போக வேண்டாம், அச்சகத்துக்கு அலைய வேண்டாம். வீட்டைவிட்டு வெளியேற முடியாத ஒரு பெண்ணுக்கு இது சிறிய வசதியா? புனைபெயரும் துணைநின்றது. ராஜாத்தி என்ற பெயரில் அச்சாகியிருந்தால் ஊர் கண்டுபிடித்திருக்கும். சல்மா யாரென்று ஊருக்குத் தெரியாது. ஆனால் கவிதை நன்றென்று வாசகர் எழுதினாலும், அந்த மகிழ்ச்சியை வீட்டில் பகிர முடியாதல்லவா? மறைந்து எழுதுவதில் அந்த இழப்பும் உண்டு.

2000இல் காலச்சுவடு பதிப்பகம் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' என்ற தொகுப்பை வெளியிட்டது. மறு ஆண்டு, பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட பதவியில், அவர் பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவியாகத் தெரிவானார்.