சாவி யாருக்கு உரியது?



ஹிஜ்ரி 8-இல் மக்கா வெற்றி கொள்ளப்பட்டபோது, கஃபாவின் சாவி உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடம் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதை வாங்கிக் கஃபாவைத் திறந்தார்கள். அந்தப் பொறுப்பைத் தங்களுக்குத் தருமாறு நபியவர்களின் குடும்பத்தாரே கேட்டார்கள். ஆனால் நபியவர்கள் உஸ்மானை அழைத்து அவரிடமே சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்றும் அது அவருடைய உறவினர்களான பனூ ஷைபா குடும்பத்தாரிடமே உள்ளது.

அந்நிஸா அத்தியாயத்தின் 58-ஆம் வசனத்தை இந்நிகழ்ச்சியோடு இணைத்து விரிவுரையாளர்கள் பலர் விளக்குகின்றனர். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும், தீர்ப்பில் நீதி வேண்டும் என்பது அதில் உள்ள கட்டளை. அதிகாரம் உடையோருக்குக் கட்டுப்படுங்கள் என்பது அதற்கு அடுத்த வசனத்தில்தான் வருகிறது. முதலில் நீதி, பிறகே கீழ்ப்படிதல் என்ற இந்த வரிசை நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

ஆட்சியாளரை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் தப்ப முடியாது. முத்தவல்லியைத் தேர்ந்தெடுக்கும்போதும் வாக்குச் சாவடியிலும் தகுதியைப் பார்க்கிறோமா, "நம்ம ஆளு" என்று பார்க்கிறோமா? ஸகாத் மனுக்களில் தெரிந்தவர் பெயரைக் கண்டால் நம் மனமும் சாயத்தான் செய்கிறது.

ஆகவே, நிர்வாகிகளின் உறவினர் மனு கொடுத்தால், அந்த நிர்வாகி அதைப் பற்றிய முடிவில் கலந்துகொள்ள மாட்டார் என்று தீர்மானித்திருக்கிறோம். நாங்கள் தவறினால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள். அதுவும் உங்கள் அமானிதமே.

அல்லாஹ் நம் அனைவரையும் நீதியில் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.