கதை எழுப்பும், நடப்பவர் யார்?

கனவைத் துணிந்து பின்தொடர்பவன் முடிவில் புதையலை அடைவான் என்று சொல்லும் கதைகள் எல்லா நாடுகளிலும் உண்டு. அவற்றைப் படிக்கும்போது உள்ளம் நெகிழ்கிறது. இனி வாழ்க்கையே மாறிவிடும் என்று தோன்றுகிறது. மறுநாள் பொழுது விடிகிறது. பழைய வேலை, பழைய சோம்பல், பழைய அச்சம் எல்லாம் அதே இடத்தில் காத்திருக்கின்றன. அப்படியானால் அக்கதைகள் வாசகரை உண்மையிலேயே அசைக்கின்றனவா? அசைத்தது போன்ற ஓர் உணர்வை மட்டும் தந்துவிட்டு விலகிவிடுகின்றனவா?

இது பொழுதுபோக்கான கேள்வி அன்று. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள், வேலை தேடும் இளைஞர்கள், ஒருமுறை தோற்று மீண்டும் முயல்பவர்கள் ஆகியோரின் கைகளில்தான் இத்தகைய நூல்கள் பெரிதும் கொடுக்கப்படுகின்றன. கொடுப்பவர்கள் பெற்றோரும் ஆசிரியரும். தாம் கொடுப்பது உணவா, வெறும் மணமா என்பதை அவர்கள் அறிந்திருப்பது நல்லது.

கனவு கண்ட இருவர்

13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாரசீகக் கவிஞரும் ஞானியுமான ஜலாலுத்தீன் ரூமி, தமது 'மஸ்னவி' என்னும் பெருநூலின் ஆறாம் பகுதியில் ஒரு கதையைச் சொல்கிறார்.

பாக்தாத் நகரில் ஒருவன் தன் பூர்வீகச் சொத்து முழுவதையும் செலவழித்து வறியவனாகிறான். இறைவனிடம் முறையிடுகிறான். எகிப்து நாட்டில் அவனுக்குப் புதையல் இருப்பதாகக் கனவில் ஒரு குரல் கேட்கிறது. அவன் நெடுந்தூரம் பயணம் செய்து அங்கே போய்ச் சேர்கிறான். கையில் காசில்லை. பசி தாங்காமல், இருட்டில் பிச்சை கேட்கலாம் என்று வெளியே வருகிறான். இரவுக் காவலன் அவனைத் திருடன் என்று எண்ணிப் பிடித்து அடிக்கிறான். அடி பொறுக்காமல் அவன் தன் கனவைச் சொல்லி அழுகிறான். காவலன் நகைக்கிறான். பாக்தாத்தில் இன்ன தெருவில், இன்ன வீட்டில் புதையல் இருப்பதாகத் தானும் பலமுறை கனவு கண்டதாகவும், அதற்காக ஓரடிகூட எடுத்து வைத்ததில்லை என்றும் கூறுகிறான். அவன் சொன்ன வீடு, அடிபட்டவனின் சொந்த வீடு.

இக்கதை 'ஆயிரத்தொரு இரவுகள்' தொகுப்பிலும் காணப்படுகிறது. கிராக்கோவ் நகரத்து யூதர் ஒருவர் பிராக் நகரின் பாலத்தடிப் புதையலைத் தேடிச் சென்றதாக யூதர்களின் ஹசிதிய மரபிலும் வழங்குகிறது.

புதையல் வீட்டிலேயே இருந்தது என்பதுதான் இக்கதையின் கருத்தாகப் பெரும்பாலும் எடுத்துச் சொல்லப்படுகிறது. ஆனால் ஊன்றிப் படிப்பவர் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு உண்டு. முதலாவது, கனவு கண்டவர்கள் இருவர். கனவு இருவருக்கும் பொது. நடை ஒருவனுக்கு மட்டுமே உரியது. இரண்டாவது, புதையல் இருக்கும் இடம் அடியின் வழியாகவே தெரியவந்தது. காவலன் கைப்பிரம்பைக் கதையிலிருந்து நீக்கிவிட்டால் புதையலும் நீங்கிவிடும்.

மெக்கா செல்லாத வணிகர்

இந்தப் பழங்கதையின் புதிய உருவமாகவே பிரேசில் நாட்டு எழுத்தாளர் பாவ்லோ கொய்லோ 1988-இல் போர்ச்சுகீசிய மொழியில் எழுதிய நாவல் விளங்குகிறது. உலகின் பல மொழிகளிலும் பரவிய அந்நூல் தமிழில் 'ரசவாதி' என்னும் பெயரில் கிடைக்கிறது. ஸ்பெயின் நாட்டு ஆட்டிடையன் ஒருவன் எகிப்தின் பிரமிடுகளுக்கருகே புதையல் இருப்பதாகக் கனவு கண்டு புறப்படுகிறான். முடிவில் தன் நாட்டின் பாழடைந்த தேவாலயத்திலேயே அதைக் காண்கிறான்.

அந்நாவலில் அதிகம் பேசப்படாத ஒரு பாத்திரம் உண்டு. அவர் ஒரு பளிங்குப் பொருள் வணிகர். மெக்காவுக்குப் புனிதப் பயணம் செல்ல வேண்டும் என்பது அவரது நெடுநாள் கனவு. வசதி வந்த பிறகும் அவர் புறப்படுவதில்லை. அந்தக் கனவே தம்மை உயிர்ப்புடன் வைத்திருக்கிறது, அது நிறைவேறிவிட்டால் வாழ்வதற்குக் காரணம் இல்லாமல் போகும் என்று அஞ்சுகிறார். கனவை அவர் கைவிடவில்லை; கனவு காண்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார்.

ஊக்கம் தரும் கதைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக்கொண்டேயிருக்கும் வாசகர், தம்மை அறியாமலேயே இந்த வணிகராக மாறிவிடக்கூடும். ஒவ்வொரு நூலும் அவருக்குப் புறப்பட்டுவிட்ட மகிழ்ச்சியைத் தருகிறது. மகிழ்ச்சி கிடைத்துவிட்டதால் புறப்பட வேண்டிய தேவை குறைகிறது.

பஞ்சதந்திரத்தில் வரும் அந்தணன் கதை இதற்கு நம் நாட்டுச் சான்று. பானை நிறைய மாவைத் தலைமாட்டில் தொங்கவிட்டுப் படுத்தவன், அதை விற்று ஆடு வாங்கி, மாடு வாங்கி, மணம் முடித்து, மகனையும் பெற்றுவிடுகிறான். கற்பனையில் காலை ஓங்கி உதைக்கிறான். உண்மையான பானை உடைகிறது. ஆசை கொண்டது அவனது குற்றம் அன்று. நடுவில் உள்ள ஆண்டுகளை அவன் படுத்தபடியே கடந்துவிட்டான்.

ஆய்வுகள் கூறுவது

இதனை உளவியலாளர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். கேப்ரியேல் எட்டிங்கன் என்ற ஜெர்மானிய உளவியலாளர், டோரிஸ் மாயர் என்பவருடன் இணைந்து நடத்திய ஆய்வுகள் 2002-இல் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று, பட்டம் முடித்து வேலை தேடும் இளைஞர்களைப் பற்றியது. நல்ல வேலை கிடைத்துவிட்டதாக இனிமையான கற்பனைகளில் அதிகம் திளைத்தவர்கள் குறைவாகவே விண்ணப்பம் செய்திருந்தார்கள். அவர்களுக்கு வந்த வேலை வாய்ப்புகளும் குறைவு. தம்மால் இயலும் என்ற எதிர்பார்ப்பு உடையவர்களோ சிறப்பாகச் செயல்பட்டிருந்தார்கள்.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாடு புலப்படுகிறது. கற்பனை வேறு, நம்பிக்கை வேறு. கற்பனை பலனை முன்கூட்டியே சுவைத்துவிடுகிறது. நம்பிக்கை, செய்த முயற்சியின்மேல் நின்று அடுத்த முயற்சிக்குக் கை நீட்டுகிறது. சாத்திரங்கள் 'சிரத்தை' என்று சொல்வது இந்த இரண்டாவதற்கு நெருக்கமானது. கடோபநிஷதத்தின் நசிகேதன் சிரத்தை மிகுந்தவன். அவன் யமன் வாயிலில் மூன்று இரவுகள் உணவின்றிக் காத்திருந்தான் என்பதையும் அந்த உபநிஷதம் மறவாமல் கூறுகிறது.

அப்படியானால் கதைகளால் பயனே இல்லையா? அவ்வாறும் சொல்வதற்கில்லை. நியூயார்க் நகரில் 9, 10-ஆம் வகுப்பு மாணவர்கள் 402 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2016-இல் வெளியானது. ஐன்ஸ்டைன், மேரி கியூரி, மைக்கேல் ஃபாரடே ஆகியோரைப் பற்றிய கட்டுரைகள் அவர்களுக்கு வழங்கப்பட்டன. சிலருக்கு அவர்களது சாதனைகள் மட்டும் சொல்லப்பட்டன. சிலருக்கு அவர்கள் பட்ட துன்பங்களும் கண்ட தோல்விகளும் சொல்லப்பட்டன. போராட்டங்களைப் படித்தவர்கள் அறிவியல் பாடத்தில் முன்னேறினார்கள். முன்பு பின்தங்கியிருந்தவர்களிடம் இந்த முன்னேற்றம் கூடுதலாகத் தெரிந்தது. சாதனைகளை மட்டும் படித்தவர்களுக்கு அத்தகைய பயன் கிட்டவில்லை.

உகாண்டா நாட்டில் எம்மா ரைலி என்ற பொருளியலாளர் மாணவர்களுக்கு ஒரு திரைப்படம் காட்டி ஆராய்ந்தார். கட்வே என்ற சேரியில் வளர்ந்து சதுரங்க வீராங்கனையான ஃபியோனா முதேசியின் வாழ்க்கையைச் சொல்லும் படம் அது. பொதுத்தேர்வுக்குச் சில நாட்களுக்கு முன் அதைக் கண்ட மாணவர்களிடையே கணிதத்தில் தோல்வி குறைந்தது. அந்தச் சிறுமி அவர்களுடைய நாட்டுப் பெண். அவள் நடந்த தெருவை அவர்கள் அறிவார்கள். செய்ய வேண்டிய செயலும் அவர்கள் கண்முன்னே காத்திருந்தது.

ஆகவே கதை அசைக்கும். வழியைச் சொல்லும் கதை, அடுத்த அடியை எடுத்து வைக்க இடமுள்ளவரிடம் போய்ச் சேரும்போது அசைக்கும்.

ஹப்சிகுடாவில் ஓர் உரைகல்

இக்கருத்தை ஒரு மனித வாழ்வில் உரைத்துப் பார்க்க ஹைதராபாத்தின் ஹப்சிகுடா பொருத்தமான இடம். நிஜாம்களின் படையில் பணிபுரிந்த அபிசீனிய வீரர்களான ஹப்சிகளின் பெயரால் இவ்விடம் அப்பெயர் பெற்றது என்பர். தார்னாக்காவிலிருந்து உப்பல் செல்லும் அச்சாலையில் இன்று தேசிய ஆராய்ச்சி நிலையங்கள் அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்று உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையம்.

டாக்டர் லால்ஜி சிங் 1987-இல் அங்கே பணியில் சேர்ந்தார். உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் கல்வாரி என்னும் சிற்றூரில் 1947-இல் பிறந்தவர் அவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் அவர் எடுத்துக்கொண்ட பொருள், பாம்புகளின் குரோமோசோம்கள். பாம்பில் ஆண், பெண் என்ற வேறுபாடு எவ்வாறு அமைகிறது என்பதே அவரது கேள்வி. 1971-இல் ஆய்வுப் பட்டம் பெற்ற பின் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பல ஆண்டுகள் அதே கேள்வியைத் தொடர்ந்தார். பட்டைகள் கொண்ட கட்டுவிரியன் இனப் பாம்பு ஒன்றிலிருந்து, திரும்பத் திரும்ப வரும் ஒருவகை மரபணுத் தொடரை அவரும் உடன் பணியாற்றியோரும் பிரித்தெடுத்தார்கள்.

ஹப்சிகுடாவுக்கு வந்த பிறகு, அத்தொடரைக் கொண்டு மனிதரில் ஆளுக்கு ஆள் வேறுபடும் மரபணு அடையாளத்தைக் காண முடியும் என்று அவர் காட்டினார். மரபணு ரேகைப் பதிவு என்னும் முறையை 1984-இல் இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டறிந்திருந்தார். லால்ஜி சிங் அதைத் தம் சொந்த வழியில் இந்திய மண்ணில் நிறுவினார். கேரளத்தின் தலச்சேரியில், குழந்தையின் தந்தை யார் என்ற வழக்கில் அம்முறை பயன்பட்டது. 1991-இல் ஸ்ரீபெரும்புதூர் படுகொலைப் புலனாய்விலும் அது துணைபுரிந்தது.

பாம்பின் குரோமோசோமைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் நீதிமன்றத்தைக் கனவு கண்டிருக்க இயலாது. அவர் தேடியது ஒன்று; தேடலின் பயனாய் நாட்டுக்குக் கிடைத்தது மற்றொன்று. பாக்தாத் மனிதனின் கதை சொல்வதும் இதுவே. ஆனால் கதையில் ஒரு வரியில் முடியும் பயணம், வாழ்க்கையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நீண்டது. 2011-இல் அவர் தாம் பயின்ற அதே காசிப் பல்கலைக்கழகத்திற்குத் துணைவேந்தராகத் திரும்பினார், 2017-இல் மறைந்தார்.

தோற்றவருக்கு என்ன பதில்?

கனவுக் கதைகளில் மறைந்திருக்கும் ஓர் ஆபத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். முழுமனத்துடன் விரும்பினால் கிட்டாதது இல்லை என்று ஒருவர் நம்பிவிட்டால், கிட்டாதபோது தம் விருப்பமே குறைபாடானது என்ற முடிவுக்கு வருகிறார். தோல்வியின் துயரோடு குற்ற உணர்வும் சேர்கிறது. பத்து இடங்களுக்கு நூறு பேர் முழுமனத்துடன் உழைத்தாலும் தொண்ணூறு பேருக்கு இடம் இராது. அது கணக்கு. அந்தத் தொண்ணூறு பேரின் உள்ளத்தில் ஏக்கம் போதவில்லை என்று சொல்வது உண்மையும் அன்று, கருணையும் அன்று.

டாக்டர் அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' இவ்வகையில் நேர்மையான நூல். அதன் ஆங்கில மூலம் 1999-இல் ஹைதராபாத் பதிப்பகம் ஒன்றின் வெளியீடாக வந்தது. விமானி ஆக வேண்டும் என்ற தம் கனவு டேராடூனில் தகர்ந்ததை அவர் அதில் மறைக்கவில்லை. எட்டு இடங்கள், அவர் பெற்றது ஒன்பதாம் இடம். மனமுடைந்து ரிஷிகேசம் சென்று சுவாமி சிவானந்தரைச் சந்தித்ததையும் எழுதியுள்ளார். அந்தக் கனவு பின்னாளிலும் நிறைவேறவில்லை. அவர் வேறு வேலையில் சேர்ந்தார்; அதைச் செவ்வனே செய்தார்; 1982-இல் ஹைதராபாத்தின் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்திற்கு இயக்குநராக வந்தார். கனவு முறிந்த இடத்திலும் பாதை முறிவதில்லை என்பதை வாசகர் இதிலிருந்து பெறலாம். வெற்றியை மட்டும் சொல்லும் கதையில் இதைப் பெற முடியாது.

வள்ளுவர் வகுத்த வரிசை

திருக்குறளின் அதிகார வரிசை இதற்கு ஒரு வழி காட்டுகிறது. அறுபதாவது அதிகாரம் ஊக்கமுடைமை. உள்ளத்து எழுச்சியின் பெருமையைப் பேசிய வள்ளுவர் அத்துடன் நிற்கவில்லை. அடுத்து மடியின்மை, அதனை அடுத்து ஆள்வினையுடைமை, அதன்பின் இடுக்கண் அழியாமை என்று தொடர்கிறார். எழுச்சி, சோம்பலின்மை, முயற்சி, துன்பத்தில் கலங்காமை என்பவை நான்கு படிகள். கனவுக் கதை ஒருவரை முதற்படியில் ஏற்றிவிடுகிறது. எஞ்சிய மூன்றையும் அவரே ஏற வேண்டும்.

எனவே இத்தகைய கதையைப் படித்து முடித்ததும் வாசகர் சிறிது நேரம் அமைதியாக அமர்ந்து மூன்று செயல்களைச் செய்யலாம். தமது குறிக்கோளுக்குத் தம்முள்ளேயே இருக்கும் தடை எது என்று ஒளிவுமறைவின்றி ஒரு தாளில் எழுதலாம். அத்தடை தலைதூக்கும்போது தாம் செய்யப்போகும் சிறு செயலையும் அதற்குரிய நேரத்தையும் முடிவு செய்யலாம். அச்செயலைச் செய்து முடிக்கும்வரை, அதே வகையான அடுத்த நூலைத் திறவாமல் இருக்கலாம். எட்டிங்கன் தம் ஆய்வுகளின் பயனாகப் பரிந்துரைப்பதும், குறிக்கோளையும் அதற்கான தடையையும் அருகருகே வைத்துப் பார்த்துத் திட்டமிடுவதையே.

மாணவருக்குக் கதை சொல்லும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. காவலன் அடித்த அடியையும், டேராடூனின் ஒன்பதாம் இடத்தையும், எடின்பரோவின் நீண்ட ஆண்டுகளையும் விட்டுவிடாமல் சொல்ல வேண்டும். கேட்கும் பிள்ளை நாளை அடிபடும்போது, தன் கதை முடிந்துவிட்டது என்று எண்ணாமல் இருப்பதற்கு அது உதவும்.

சிந்தனைக்கு

1. அண்மையில் படித்த ஊக்கம் தரும் நூல் ஒன்றை நினைவுகூர்க. அதன் விளைவாகச் செய்த ஒரு செயலைக் குறிப்பிட இயலுமா?

2. பளிங்கு வணிகரைப் போல, நிறைவேற்றாமல் வைத்திருப்பதாலேயே இன்பம் தரும் கனவு ஏதேனும் உண்டா?

3. தோல்வியுற்ற ஒருவரிடம் சொல்வதற்கு, வெற்றியில் முடியாத ஆனால் பொய்யற்ற கதை ஒன்றைத் தேர்ந்தெடுக்க. அதை எவ்வாறு சொல்வது?