நெல்லை இருப்பு வைக்கலாமா?

பொன்னேரி, மீஞ்சூர், காட்டுப்பள்ளி வட்டாரத்தில் சம்பா அறுவடை முடிந்ததும் எழும் கேள்வி இது. களத்தில் நெல் குவியும்போது விலை இறங்குவது இயல்பு. ஆனால் காத்திருந்தால் ஏறியே தீரும் என்பதற்கு உறுதியில்லை.

2023 ஜூலையில் மத்திய அரசு பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. உலகச் சந்தையில் விலை உயர்ந்தது. உள்நாட்டு விலையை அடக்குவதே தடையின் நோக்கம். 2024 செப்டம்பரில் தடை நீங்கியதும் உலக விலை சரிந்தது. எனவே, துறைமுகம் பக்கத்திலேயே இருந்தாலும் வெளிநாட்டு விலை அப்படியே நம் களத்துக்கு வந்துவிடாது.

கணக்குப் பார்ப்போம். 17 சதம் ஈரமுள்ள 100 கிலோ நெல், 14 சதத்துக்குக் காய்ந்தால் சுமார் 96.5 கிலோதான் நிற்கும். 2024-25-ல் சாதா ரகத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். இந்த விலைக்குப் போகும் நெல்லைக் காயவைத்து விற்றால், குவிண்டால் 2,383 ரூபாய்க்குப் போனால்தான் கட்டுப்படியாகும். வட்டி, வாடகை, எலிச்சேதம் தனி.

ஆகவே கடனுக்கும் வீட்டுச் செலவுக்கும் வேண்டிய அளவை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் உடனே விற்றுவிட வேண்டும். மீதியை மட்டும் நன்கு உலர்த்தி இருப்பு வைக்கலாம். அவசரப் பணத்துக்கு, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பொருளீட்டுக் கடன் பற்றி விசாரிப்பது நலம்.